ஓரடி ஆழத்துக் கேபிள்

டெலிபோன் கேபிள் யாருடைய வீட்டுக்குப் போகிறது என்பது சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றைக்குத்தான் பங்காரம்மாவுக்குத் தெரிந்தது. அதுவரை அவளுக்கு அது மூன்றரைக் கிலோமீட்டர் பள்ளம், அவ்வளவுதான்.

1999 ஜூன். ஆனைமலை ரோட்டிலிருந்து கிழக்கே பிரியும் வண்டித்தடமான இட்டேரியில், இரண்டு பக்கக் கிளுவை வேலிக்கு நடுவே, லைன் இன்ஸ்பெக்டர் அழகிரிசாமி முன்னால் நடந்தார். பின்னால் ஓர் ஆள் ஓட்டை போட்ட தகர டப்பாவைக் குலுக்கிச் சுண்ணாம்பைச் சிந்திக்கொண்டே வந்தான். அதற்கும் பின்னால் மம்முட்டியும் கடப்பாரையுமாகப் பங்காரம்மாவின் ஆட்கள், அவளையும் சேர்த்துப் பதினொரு பேர். எல்லோரும் சொந்தக்காரர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் இந்த ஊர்ப் பேச்சு. பிறந்ததிலிருந்து மண்வேலை. கிணறு வெட்டினார்கள், குளம் தூர்வாரினார்கள், ரோட்டுக்கு மண் கொட்டினார்கள். நாலைந்து வருசமாகக் கம்பக் குழியும் கேபிள் பள்ளமும்.

இட்டேரி வளைகிற இடத்தில் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். பங்காரம்மாவின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

“ஏனுங்க இன்ஸ்பெக்டரே, கோட்டை இங்கிருந்து என்ற காட்டுக்குள்ள திருப்பிப்போடுங்க,” என்றார் திருமூர்த்திக் கவுண்டர்.

“இட்டேரியிலயே போனா புறம்போக்குங்க. நாளைக்கு ரிப்பேருன்னாலும் வசதி,” என்றார் அழகிரிசாமி.

“இட்டேரியில போனா காலனியைத் தாண்டியில்ல போகோணும்? மூணு வருசமா அவிங்க ஒரு பொதுப் போனு கேட்டு மனு மேல மனுக் குடுக்கறாங்க. கேபிளு வாசல்ல போச்சுன்னா உடுவாங்களா? என்ற பையன் கம்ப்யூட்டர்ல இன்டர்நெட்டுப் போடறதுக்குன்னு லைன் கேக்கறான். அதுல ஊரே பங்குக்கு வந்தா?”

“பங்கெல்லாம் கெடையாதுங்க. கேபிளுக்குள்ள தனித்தனி ஜோடிக் கம்பி.”

“எனக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாமுங்க. என்ற காட்டுக்குள்ளயே வரட்டும்.”

அழகிரிசாமி பெருமூச்சு விட்டார். “சொந்தக் காட்டுல போனா, கேபிளுக்கு ஒண்ணுன்னா பொறுப்பு உங்களுதுன்னு எழுதித் தரோணுங்க.”

“தந்துபோட்டாப் போச்சு. மூணடி ஆழத்துல கெடக்கறதுக்கு என்ன ஆயிப்போகும்?”

எழுதிக் கொடுத்துவிட்டு அவர் ஆட்களைப் பார்த்தார். “இவிங்க எந்த ஊருங்க? மாட்டுச் சந்தைக்கு வந்தவிங்களாட்ட நிக்கறாங்க.” அவருக்கே சிரிப்பு வந்தது. பார்வை பங்காரம்மாவின் முகத்தைத் தொட்டுத் தாண்டிப் போனது. அடையாளம் தெரியவில்லை.

ஆறு வருசத்துக்கு முன்னால் அவள் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

அப்போது இதே காட்டின் மேற்குக் கோடியில் கிணற்றை ஆழப்படுத்தும் வேலை. பங்காரம்மாவின் புருசன் சீனிவாசலு அடியில் நின்று பாறை உடைத்தான். கரையில் வெடிப்பு தெரிகிறது, முட்டுக் கொடுத்துவிட்டு இறங்குகிறோம் என்று முந்தின நாளே கேட்டான். ஒரு நாள் வீணாகும், இறங்கு என்றார் கவுண்டர். காலை பதினோரு மணிக்குக் கரை சரிந்தது. மண்ணைத் தள்ளி ஆளை மேலே கொண்டுவந்தபோது இடுப்புக்குக் கீழே நசுங்கியிருந்தது. ஆனால் பேசினான். தண்ணீர் கேட்டான்.

அந்தச் சுற்று வட்டாரத்தில் போன் இருந்தது ஒரே வீட்டில். பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொன்னால் முக்கால் மணி நேரத்தில் வண்டி வந்துவிடும். பங்காரம்மா உடம்பெல்லாம் மண்ணோடு ஓடினாள். கவுண்டர் வாசற்படியில் நின்று, “போனு செத்துக் கெடக்குது. வண்டியக் கட்டி ரோட்டுக்குக் கொண்டு போங்க,” என்றார். அவள் காலைப் பிடித்தாள். “செத்த போன வெச்சுட்டு நான் என்ன பண்ணட்டும்?” என்று காலை உருவிக்கொண்டு உள்ளே போனார். மாட்டு வண்டியில் மூன்றரைக் கிலோமீட்டர். ரோட்டில் ஒரு லாரியை மறித்து ஏற்றினார்கள். பொள்ளாச்சி எல்லைக்குள் நுழையும்போது சீனிவாசலு பேச்சை நிறுத்தினான். போலீஸ் எழுதிய காகிதத்தில் விபத்து என்று இருந்தது. போன் பழுதாகி இருந்தது என்றும் இருந்தது.

அடுத்த வருசம் தந்திக் கம்பத்துக்குக் குழி தோண்டப் போன இடத்தில், லைன்மேன் சுப்பண்ணன் டீ குடித்துக்கொண்டே இந்தப் பேச்சைக் கேட்டார்.

“செத்துக் கெடந்துதுன்னு யாரு சொன்னா? அன்னைக்கு நான் எக்ஸ்சேஞ்சுலதான் உக்காந்திருந்தேன். அப்பெல்லாம் வெளியூருக்குன்னா ஆபரேட்டரைக் கேட்டாத்தான லைன் கெடைக்கும்? பதினொண்ணரைக்கு அவரே கூப்பிட்டாரு. கோயமுத்தூர் வக்கீலுக்கு அவசரமா வேணும்னாரு. அரை மணி நேரம் பேச்சு. கெணத்துல ஆளு செத்தா கேசு யாரு மேல உழும்னு. ஆபரேட்டரு காதுல கேக்காமயா போகும்?”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுடைய முகத்தைப் பார்த்தார். “அது உன்ற ஊட்டுக்காரருன்னு எனக்குத் தெரியாது, அம்மணி,” என்றார்.

சுப்பண்ணனும் போன வருசம் செத்துப் போனார். சொல்வதற்கு இனி ஆள் இல்லை. எழுதின காகிதமும் இல்லை.  கவுண்டருக்கு ஒன்று தேவைப்படுகிற நேரத்தில் அது கிடைக்காமல் போக வேண்டும். அவ்வளவுதான் பங்காரம்மா மாசாணியம்மனிடம் கேட்டது. நியாயம் கேட்டு மிளகாய் அரைத்து அம்மன்மேல் பூசி ஐந்து வருசமாகியும் அம்மன் அசையவில்லை. இப்போது கேபிள் வந்திருக்கிறது.

கவுண்டருக்கு அது எவ்வளவு தேவை என்பது ஊருக்கே தெரியும். அவருடைய மகன் கிருபாசங்கர் காட்டு ஓரத்தில் தேங்காய் நார் ஆலை வைத்திருந்தான். நார் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கடிதத்துக்குக் காத்திருக்க மாட்டார்கள், எல்லாம் இன்டர்நெட்டில்தான். பழைய லைன் கம்பம் கம்பமாகத் தென்னைக்குள் நுழைந்து வருவது. அதில் பேசலாம், இரைச்சல் இருக்கும். கம்ப்யூட்டரை மாட்டினால் கீச்சென்று கத்திவிட்டு அறுந்துவிடும். அதனால் அவன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பொள்ளாச்சி பிரவுசிங் சென்டருக்கு மோட்டார் சைக்கிளில் ஓடிக்கொண்டிருந்தான். பூமிக்கடியில் கேபிள் வந்தால் ஓட்டம் நிற்கும்.

பள்ளத்துக்குச் சட்டம் மூன்றடி. அரையடி மணல் படுக்கை, அதன்மேல் கேபிள், மறுபடி மணல், வரிசையாகச் செங்கல், அப்புறம் மண். இன்ஸ்பெக்டர் கோடு போட்ட இரும்புக் கம்பியைப் பள்ளத்தில் நிறுத்தி அளப்பார். இதில் ஏய்க்கிற வழி பள்ளம் தோண்டுகிற எல்லோருக்கும் தெரியும். வெட்டின மண்ணைத் தள்ளிக் கொட்டாமல் விளிம்பிலேயே ஏற்றி, மிதித்துக் கெட்டிப்படுத்தித் தண்ணீர் தெளித்துவிட்டால் அது தரை மாதிரியே ஆகிவிடும். இரண்டடி தோண்டினால் மூன்றடி காட்டும். கரை ஏற்றுவது என்று பேர். மற்ற கூட்டத்தார் வெயில் ஏறிவிட்டால் கரை ஏற்றுவார்கள். பங்காரம்மாவின் கூட்டத்தில் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு தடவை அவளுடைய சொந்தத் தம்பி ஏற்றினான், மம்முட்டிக் காம்பாலேயே அவளிடம் அடி வாங்கினான். அதனால்தான் அழகிரிசாமி எங்கே வேலை என்றாலும் அவளைத் தேடி ஆள் அனுப்பினார்.

சோளக்காட்டின் நடுவில், நாலு பக்கமும் ஏர் ஓடுகிற இடத்தில், பன்னிரண்டு அடி நீளத்தைப் பங்காரம்மா தனக்கென்று எடுத்துக்கொண்டாள். தனியாகத் தோண்டினாள். இரண்டடியில் நிறுத்தினாள். கரையை ஏற்றி மிதிக்கத் தொடங்கியபோது வெங்கடம்மாள் வந்து நின்றாள். அவள் சீனிவாசலுவின் தங்கை.

“வதினெ, என்ன பண்றே?”

“கரை ஏத்தறேன்.”

“நீயா?”

“நான்தான்.”

வெங்கடம்மாள் பள்ளத்தைப் பார்த்தாள். ஆலைப் பக்கம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. “அந்த ஊட்டுல ஒரு உசுருக்கு ஒண்ணுன்னு வந்தா? போனு கெடைக்காமப் போச்சுன்னா?”

“மோட்டாரு சைக்கிளு இருக்குது. காரு வாங்கிட்டாங்க. மாட்டு வண்டியில போகமாட்டாங்க.”

“நம்ம பேரு கெட்டுப்போயிரும், வதினெ.”

“உங்கண்ணன் பேரை எங்க எழுதி வெச்சிருக்குது, நம்ம பேரை எழுதி வெக்க? நீ போய் அக்கட்ட செங்கலை அடுக்கு.”

வெங்கடம்மாள் போகவில்லை.  குடத்திலிருந்த தண்ணீரைக் கரைமேல் தெளித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அழகிரிசாமி அளக்க வந்தார். மற்ற இடங்களில் கம்பியை நாட்டிப் பார்த்தார். பங்காரம்மா நிற்கிற இடத்துக்கு வந்ததும், “உன்றதை அளக்கோணுமா, அம்மணி?” என்று சிரித்தார்.

“அளந்துபோடுங்க சார். எல்லாருக்கும் ஒரே சட்டந்தானுங்க.”

கம்பி மூன்றடி காட்டியது. அவர் நோட்டில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கேபிள் சுருளை உருட்டும்போது அந்தப் பன்னிரண்டு அடிக்கு மட்டும் அவள் மணல் படுக்கையை ஓரடி உயரத்துக்கு ஏற்றினாள். செங்கல் வைக்கவில்லை. தரையிலிருந்து ஓரடியில் கேபிள் படுத்தது. மண்ணை மூடி மட்டம் செய்து, முழங்கால் போட்டுக் கையாலேயே தட்டிவிட்டாள்.

பத்து நாளில் லைன் வந்துவிட்டது. பழைய கம்பியைக் கழற்றிச் சுருட்டி எடுத்துப் போனார்கள். கிருபாசங்கர் கூட்டத்துக்கே பொள்ளாச்சியிலிருந்து மைசூர்பாகு வாங்கி வந்து கொடுத்தான். பங்காரம்மா கையில் வாங்கி, பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டாள்.

“ஏனுங்க, நீங்க சாப்புடலையா?”

“பல்லு வலிங்க தம்பி.”

நல்ல பையன். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நல்ல பையனும் அந்த வீட்டில்தான் இருந்தான்.

அதற்குப் பிறகு அவள் காத்திருந்தாள். மூன்று மாதம் வேறு ஊர்களில் பள்ளம் தோண்டினாள், மூன்றடி, நூல் பிடித்தாற்போல. வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். புரட்டாசி பிறந்து ஒரு நல்ல மழை பெய்தால் கவுண்டர் காட்டில் டிராக்டர் இறங்கும். வட்டுக் கலப்பை ஓரடி புரட்டும்.

மழை வந்தது. அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அழகிரிசாமியின் ஜீப் அவளைத் தேடி வந்தது. அவர் இறங்கவில்லை. “ஏறு,” என்றார். அம்மணி என்று சொல்லவில்லை. வெங்கடம்மாளும் கூப்பிடாமலே ஏறிக்கொண்டாள்.

சோளக்காட்டில் டிராக்டர் பாதிச் சாலோடு நின்றது. கறுப்புக் கேபிள் இரண்டு துண்டாகி, கம்பிகள் குடல் மாதிரி வெளியே கிடந்தன. கவுண்டரும் கிருபாசங்கரும் பக்கத்தில் நின்றார்கள். கிருபாசங்கரின் கண் சிவந்திருந்தது. முந்தின நாள் காலை பத்து மணிக்கு அறுந்திருக்கிறது. ஹாலந்துக்காரன் சாம்பிள் பிடித்துப்போய், மாலை நாலு மணிக்குள் சரி என்று பதில் போட்டால் ஒரு வருசத்துக்கு ஆர்டர் என்று சொல்லியிருந்தான். லைன் செத்தது தெரிந்து இவன் மழையில் பொள்ளாச்சிக்கு ஓடியபோது அங்கே கரண்ட் இல்லை. ஆர்டர் கேரளாவில் ஒருத்தனுக்குப் போய்விட்டது.

அழகிரிசாமி கம்பியை மண்ணில் நிறுத்தினார். ஓரடி. இன்னும் நாலு இடத்தில் தோண்டச் சொல்லி நிறுத்தினார். ஓரடி. பன்னிரண்டு அடி தாண்டினதும் கம்பி சடாரென்று இரண்டரை அடிக்கு இறங்கியது.

“இந்தத் துண்டு நீ தோண்டுனது,” என்றார்.

“ஆமாங்க சார்.”

“உன்ன நம்பித்தான கையெழுத்துப் போட்டேன்? எனக்கு மெமோ வரும், தெரியுமா?”

பங்காரம்மாவுக்கு அது ஒன்றுதான் உறைத்தது. இந்த மூன்று மாதத்தில் அவள் அதை நினைத்தே பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

“போலீசுக்கு ஆளு அனுப்புங்க,” என்றார் கவுண்டர். “இந்தக் கூட்டத்தையே உள்ள தள்ளோணும். தின்ன சோத்துக்கு வஞ்சகம் பண்ற நாய்க.”

“உங்க சோத்தை நாங்க எப்பத் தின்னோமுங்க?” என்றாள் வெங்கடம்மாள்.

அழகிரிசாமி கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார். ஜீப்பிலிருந்து அட்டையும் காகிதமும் எடுத்தார். குரலைத் தாழ்த்தி, “இந்தா பாரு. தவறுதலா ஆழம் கொறைஞ்சுபோச்சுன்னு எழுதித் தா. நான் மேல பேசிக்கறேன். எச்சரிக்கையோட போயிரும். உனக்கும் வேலை இருக்கும், எனக்கும் பென்சன் இருக்கும்,” என்றார்.

“தவறுதலா இல்லீங்க சார். வேணும்னே பண்ணுனேன்.”

“வாயை மூடு.”

“வேணும்னேதானுங்க. ஆறு வருசத்துக்கு முன்னால இந்தக் காட்டுக் கெணத்துல செத்தவன் என்ற புருசன். ஆஸ்பத்திரிக்குப் போனு போடுங்கன்னு இவரு காலைப் புடிச்சேன். போனு செத்துக் கெடக்குதுன்னாரு. நான் அந்தக்கட்ட போனதும் அதே போன்ல கோயமுத்தூர் வக்கீலைக் கூப்புட்டு, ஆளு செத்தா கேசு யாரு மேலன்னு அரை மணி நேரம் கேட்டிருக்கறாரு. எக்ஸ்சேஞ்சுல இருந்த சுப்பண்ணன் சொன்னாரு.”

கவுண்டர் இப்போதுதான் அவளுடைய முகத்தைச் சரியாகப் பார்த்தார். “செத்தவனைச் சாட்சிக்குக் கூப்புடறா. பொய்யி. அன்னைக்கு லைனே கெடையாது.”

“இருந்துதுங்க,” என்றான் கிருபாசங்கர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“நான் அன்னைக்கு ஊட்டுல இருந்தேன். பிளஸ் டூ பரீச்சைக்குப் படிச்சுட்டிருந்தேன். வெளிய ஒரு பொம்பளை அழுதாங்க. நீங்க உள்ள வந்து கதவைச் சாத்திட்டுப் போன் பேசுனீங்க. யாருங்கப்பான்னு கேட்டேன். தண்ணி கேட்டு வந்த பொம்பளைன்னு சொன்னீங்க.”

“டேய், உனக்கு என்ன தெரியும்? சின்னப் பையன் அப்ப.”

“பதினேழு வயசுங்க.”

கவுண்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.  பிறகு அழகிரிசாமியின் பக்கம் நகர்ந்து வேறு குரலில் பேசினார். “இன்ஸ்பெக்டரே, நீங்க சொன்னாப்பலயே தவறுதலாப் போச்சுன்னு எழுதிப்போடுங்க. பாவம், ஏழைப் பொம்பளை. நானும் இதைப் பெருசு பண்ணலை. போலீசு கீலீசெல்லாம் வேண்டாம்.”

“ஏழைன்னு இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா?” என்றாள் பங்காரம்மா. “வேணும்னே பண்ணுனேன்னு எழுதுங்க. ஏன் பண்ணுனேன்னும் எழுதுங்க. நான் ஒருத்திதான் தோண்டுனேன், கூட்டத்துல யாருக்கும் தெரியாதுன்னு எழுதுங்க. கரை ஏத்தி ஏச்சுப்போட்டேன், சாரு மேல தப்பு இல்லைன்னும் எழுதுங்க. அந்தக் காகிதத்தைக் கொண்டு போய் உங்க ஆபீசு பைல்ல வெச்சிருங்க.”

“எழுதுனா உனக்கு இந்த வேலை இனி ஆயுசுக்கும் கெடையாது. கேசும் வரும்.”

“வரட்டுமுங்க. கேசு வந்தா அங்கயும் இதைத்தான் சொல்லுவேன். அங்கயும் எழுதட்டும்.”

கேஸ் என்ற சொல்லுக்குக் கவுண்டரின் கண் ஒரு தரம் மூடித் திறந்தது. பங்காரம்மா அதைப் பார்த்தாள். ஆறு வருசம் காத்திருந்ததற்கு அது சரியாக இருந்தது. கேபிள் அறுந்ததுகூட அவளுக்கு இவ்வளவு நிறைவாக இல்லை.

அழகிரிசாமி பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். எழுத அவருக்குக் கை வரவில்லை. கிருபாசங்கர் அட்டையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டான். டிராக்டரின் மட்கார்டில் அதை வைத்து, “சொல்லுங்க,” என்றான்.

“டேய், உன்ற அப்பன்டா நான்.”

அவன் காகிதத்தின் தலையில் தேதியைப் போட்டான்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க தம்பி,” என்றாள் பங்காரம்மா. “எழுதறதை வாயால சொல்லிக்கிட்டே எழுதுங்க. நல்லாக் கேக்கற மாதிரி.”

அவள் சொன்னாள். அவன் சொல்லிக்கொண்டே எழுதினான். சீனிவாசலு என்ற பெயர் வந்தது. கிணறு வந்தது. காலைப் பிடித்தது வந்தது. போன் செத்துக் கிடக்கிறது என்று தன் தகப்பனார் திருமூர்த்தி சொன்னார் என்று எழுதும் இடத்தில் அவன் நிறுத்தினான். “தகப்பனார்னு வேண்டாம். நில உரிமையாளர்னு போடு,” என்றார் அழகிரிசாமி. அவன் தகப்பனார் என்றே எழுதினான். அன்று காலை பதினொன்றரைக்கு அந்தப் போனில் அவர் பேசியதைத் தான் நேரில் கேட்டதாக ஒரு வரியைத் தானாகச் சேர்த்துக் கீழே கையெழுத்துப் போட்டான். பங்காரம்மா கட்டைவிரலில் மையைத் தேய்த்து அதற்குப் பக்கத்தில் ஒற்றினாள்.

அழகிரிசாமி காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “போலாமா?” என்றார்.

“இது ஆபீசுக்குங்க சார். எனக்கு ஒண்ணு வேணும்.”

“ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்றேன்.”

“ஜெராக்ஸ் வேண்டாமுங்க. தம்பி கையாலயே இன்னொண்ணு எழுதட்டும். மொதல்ல இருந்து. சத்தமாவே.”

கவுண்டர் வீட்டுப் பக்கம் நடக்கத் திரும்பினார். புரட்டிப்போட்ட ஈரமண் காலை வாங்கியது. நாலு அடி வைப்பதற்குள் வேட்டி நுனி சேறாகிவிட்டது. டிராக்டர்காரன் அவருக்குக் கை கொடுக்க எழுந்தான், வெங்கடம்மாள் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துகொண்டான். கிருபாசங்கர் புதுக் காகிதத்தை அட்டையில் மாட்டி, முதல் வரியிலிருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தான்.